கோதுமை மாவில் ஒரு துப்பாக்கிப் பிடி

போர்வையில் சுற்றிய நீளமான எதையோ தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் பட்டறைக்குள் வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கத்தி போல மடிப்பு வைத்த காக்கி பேண்ட், மேல்நோக்கி முறுக்கிய மீசை. நான் ஓர் இரும்புக் கேட்டின் அளவைச் சாக்பீஸால் தரையில் வரைந்துகொண்டிருந்தேன். கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றார். என் பட்டறைக்கு வந்தவர்களில் அந்தக் கோட்டை மதித்த முதல் ஆள் அவர்தான். அதற்காகவே பிடித்துப்போயிற்று.

"ஆர்கான் வெல்டிங் பண்றது இங்கதானம்மா?"

"இங்கதான் சார். இன்னா வேலை?"

போர்வையை மேஜைமேல் வைத்து, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் துணி விலக்குவதுபோல விலக்கினார். உள்ளே துப்பாக்கி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் என் தகரக் கொட்டகை. அங்கே நான் எதையெல்லாமோ பற்றவைத்திருக்கிறேன். கெமிக்கல் கம்பெனித் தொட்டி, கோயில் சூலம், கல்யாணச் சீர் பீரோவின் கால், தாத்தா ஒருவரின் சக்கர நாற்காலி. துப்பாக்கி வந்தது அதுதான் முதல் தடவை. கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. மூலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த தேசிங்கு மட்டும் நிமிரவில்லை.

"பயந்துக்காதம்மா. செத்த துப்பாக்கி" என்றார் வந்தவர். "எங்க எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கத்துது. வருஷக்கணக்கா என் பொறுப்புலதான் கீது. அணிவகுப்புக்கு மட்டும். பாரு, குழல அடைச்சி கீது. உள்ள ஊசியும் கெடையாது. ஒரு கொசுவக்கூட சுட முடியாது."

பிறகு நெஞ்சை நிமிர்த்தி, யாரோ கேட்டதுபோலப் பதில் சொன்னார்.

"ஹவில்தார் ஏகாம்பரம். ரிட்டயர்டு. பொன்னேரிக்கு அந்தாண்ட நம்ம ஊடு. மிலிட்டரி ஊடுன்னு கேட்டா சின்னப் புள்ளகூட காட்டும்."

மூலையில் எரிந்துகொண்டிருந்த நீல வெளிச்சம் சட்டென்று அணைந்தது.

ஹெல்மெட் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. மேலே ஏறவில்லை.

மீன் பை

ஏன் ஏறவில்லை என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தேசிங்கு பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பத்தவன். அப்பாவும் அண்ணன்களும் ஏரிக்குப் போக, இவன் மட்டும் ஐ.டி.ஐ. படித்து நெருப்புக்கு வந்தவன். பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்து அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வேலைக்கு வருவான். திங்கட்கிழமைகளில் எனக்கென்று துணிப்பையில் மீன் கொண்டுவருவான். அந்தப் பை ஒரு நாள் ரயிலில் ஒழுகி, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் புதுச் செருப்பை நனைத்துவிட்டது.

அவள் பெயர் யமுனா. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. அடுத்த ஸ்டேஷனான கவரைப்பேட்டை வரும்வரை திட்டினாளாம். கவரைப்பேட்டை தாண்டியதும், "இது இன்னா மீனு?" என்று கேட்டாளாம்.

அவ்வளவுதான். மீதியை ரயில்வே பார்த்துக்கொண்டது.

யமுனா வீடு நெல் விளைகிற வீடு. சொந்த நிலம், சொந்தக் கிணறு, சொந்தக் கௌரவம். படகுக்கார வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ரிஜிஸ்டர் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று தேசிங்கு வந்து நின்றபோது, நான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். நல்ல கையெழுத்து. அன்றைக்கென்று என் பெயரை முழுசாக, அழுத்தமாக வேறு எழுதினேன்.

கல்யாணப் போட்டோவை யமுனா அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினாள். அவர் உறையைக்கூடத் திறக்காமல் நான்காகக் கிழித்தார். அவள் அம்மா கன்னியம்மா, ரேஷன் கடை வாசலில் நின்று திருட்டு போன் போட்டு மகளுக்கு விவரம் சொன்னாள். கூடவே அவர் சொன்னதையும் அப்படியே சொன்னாள்.

"அந்தப் படகுக்காரன் என் வாசப்படிய மிதிச்சான்னா சுட்டுடுவேன். சாட்சிக் கையெழுத்து போட்டாளாமே ஒரு பொம்பள, அவளையும் சேத்துதான்."

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஆக, ஹவில்தார் ஏகாம்பரம் மருமகன் முகத்தையும் பார்த்ததில்லை, சாட்சி முகத்தையும் பார்த்ததில்லை. இப்போது சுடவேண்டிய இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, துப்பாக்கியை ரிப்பேர் செய்து தரச்சொல்லி நிற்கிறார்.

நண்டு மட்டும் கிடைத்தது

என்ன ரிப்பேர்?

இந்த மாதிரிப் பழைய ராணுவத் துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுவதற்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதற்குப் பெயர் போல்ட். அதன் பக்கவாட்டில், நுனியில் உருண்டையோடு ஒரு சின்னக் கைப்பிடி. அதைப் பிடித்துத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்குவார்கள். சினிமாவில் 'சடக் சடக்' என்று கேட்குமே, அது. இவருடைய துப்பாக்கியில் அந்தக் கைப்பிடி அடியோடு காணோம். உருளையில் ஒரு முளை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

"எப்பிடி சார் உடைஞ்சுது?"

"அணிவகுப்பு நடை பழக வரப்பு மேல நடந்துகினு இருந்தேன். வழுக்கிச்சி. நான் வுழுந்தாலும் துப்பாக்கி வுழக்கூடாதுன்னு தூக்கிப் புடிச்சேன். மோட்டார் கொட்டா செவுத்துல இடிச்சிச்சி. யாரோ முன்னாடியே ஒட்டவெச்ச பிடி போலகீது. துண்டா தெறிச்சி சேத்துல பூடுச்சி."

"தேடலியா?"

"தேடாமயா? சேறு ஓட்டி வுட்ட கழனி. ஆளுங்கள உட்டு தடவுனேன். அஞ்சாறு நண்டு கெடச்சிச்சி. பிடி கெடைக்கல."

பொன்னேரியில் ஏறி இறங்கிய பட்டறைகளில் போர்வையைப் பிரித்ததுமே ஷட்டரை இறக்கிவிட்டார்களாம். சுதந்திர தினக் கொடியேற்றம் நெருங்குகிறது. அதற்குள் பிடி வராவிட்டால், துப்பாக்கியின் பொறுப்பு சங்கச் செயலாளருக்குப் போய்விடும்.

"போனா போவட்டுமே சார், இன்னா இப்போ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மீசை நுனி இரண்டும் துடித்தன.

"அவன் நேவிக்காரம்மா! தண்ணில மெதக்கறவன நம்பி தோள்ல வெக்கற சாமான குடுக்கறதா?"

மூலையில் ஹெல்மெட் லேசாக அசைந்தது.

என் பட்டறையின் ஒரே சட்டம்

இங்கே என் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆளைக் காயப்படுத்துகிற எதையும் பற்றவைப்பதில்லை.

இந்தச் சட்டம் ஓர் அரிவாளால் வந்தது. பட்டறை தொடங்கிய புதிதில் ஒருவர் காம்பு உடைந்த அரிவாளோடு வந்தார். இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டேன். தென்னை ஓலை வெட்ட என்றார். எத்தனை தென்னை என்று கேட்டேன். "ஒண்ணுதாம்மா" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க சகல வூட்டாண்ட நிக்குது" என்று சேர்த்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. மின்சாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால் ஏகாம்பரத்திடம் காகிதம் கேட்டேன். சங்கத்தின் கடிதமும், துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்ததற்கான சான்றும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தன. அதோடு விடாமல் ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. நீளமாகச் சுற்றின பாயைப் பார்த்தாலே செக்போஸ்ட்டில் நிறுத்துகிற ஊர். ஒரு போலீஸ்காரர் வந்தார், காகிதத்தைப் படித்தார், அடைத்த குழலில் டார்ச் அடித்துப் பார்த்தார், பண்ணிக்கொடுங்கள் என்றார். போகும் முன் துப்பாக்கியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

சட்டப்படி தடையில்லை. தேசிங்குப்படி?

நான் அவன் பக்கம் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்தால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். அவன் எழுந்து வந்தான். ஹெல்மெட் மூடியபடியே. அது ஆட்டோமேடிக் ஹெல்மெட், நெருப்பு எரியும்போது மட்டும் கண்ணாடி கறுக்கும். மற்ற நேரம் உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. மாமனார் அவனைப் பார்த்ததில்லைதான், ஆனால் எதையும் மறைக்கத் தெரியாத முகம் அவனுக்கு. அந்த ஹெல்மெட்டை வாங்கித்தரச் சொல்லி அவன் நச்சரித்தபோது நான் அடித்த லெக்சரை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அதுதான் அன்றைக்கு எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

உடைந்த முளையைக் கட்டைவிரலால் தடவினான். வெர்னியர் வைத்து அளந்தான். சாக்பீஸ் எடுத்து மேஜைமேல் எழுதினான்: பண்ணலாம். மாதிரி வேணும்.

"வாயத் தொறந்து பேசமாட்டாரா?" என்றார் ஏகாம்பரம்.

"வேலை நேரத்துல பேசமாட்டாரு சார்."

"சபாஷ்! ஆர்மில இருந்திருக்கவேண்டிய ஆளு."

டிபன் பாக்ஸில் வந்த மாதிரி

மாதிரிக்கு எங்கே போவது? அதே ரகத் துப்பாக்கி இன்னொன்று பக்கத்தில் எங்கும் இல்லை. அவரிடமிருந்த போட்டோவில் பிடி இருக்கவேண்டிய இடத்தை ஒரு மந்திரியின் மாலை மறைத்துக்கொண்டிருந்தது.

"என் கைக்குத் தெரியும்மா" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்தார். நாஷ்டா கொண்டுவந்திருக்கிறார் போல என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால், கோதுமை மாவில் பிசைந்து செய்த துப்பாக்கிப் பிடி. தண்டு, வளைவு, நுனியில் உருண்டை, எல்லாம் இருந்தது. ஒட்டாமலிருக்க மேலே கொஞ்சம் எண்ணெய்கூடத் தடவியிருந்தார்.

"கண்ண மூடிக்கினு புடிச்சிப் பாத்து பாத்து செஞ்சேன். சரியா வரலன்னா திரும்ப பிசைஞ்சேன். சப்பாத்தி மாவு பூரா காலி. எங்க ஊட்டம்மா மூஞ்சிய பாக்கணுமே!"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் பில் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டும் குலுங்கியது.

அன்று சாயங்காலம் தேசிங்கு அந்த டிபன் பாக்ஸை வீட்டுக்கு எடுத்துப் போனான். யமுனாவிடம் முந்தின நாளே எல்லாம் சொல்லிவிட்டிருந்தான். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். டிபன் பாக்ஸைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். அது அவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன டிபன் பாக்ஸ்.

மாவை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தவள், "இது தப்பு" என்றாளாம்.

எனக்கு போன் போட்டு விளக்கம் வேறு சொன்னாள். "அக்கா, உருண்டைக்கு அடியில ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். நைனாவோட கட்டைவெரல் கரெக்ட்டா அதுல குந்தும். அவருக்கு அது கீதுன்னே தெரியாது. துணி வெச்சி தொடைச்சவளுக்குத்தான் தெரியும்." போனை வைக்கும் முன் சொன்னாள்: "நல்லா பண்ணச் சொல்லுங்கக்கா அவர. அரகொற வேலைன்னா நைனாவுக்குப் புடிக்காது."

காலையில் மாவு திரும்பி வந்தது. உருண்டைக்கு அடியில் யமுனாவின் விரல் பதிந்த பள்ளத்தோடு.

இளநீரும் ஒழுக்கமும்

தேசிங்கு ஓர் இரும்புக் கம்பியை லேத்தில் கடைந்தான். சூடுபடுத்தி வளைத்தான். அரம் போட்டு அரம் போட்டு அந்தப் பள்ளத்தைக் கொண்டுவந்தான். நடுவில் நடுவில் மாவைத் தொட்டுப் பார்ப்பான், இரும்பைத் தொட்டுப் பார்ப்பான். ரசாயனத் தொட்டிக்குக்கூட அவன் அவ்வளவு பார்த்ததில்லை.

பற்றவைக்கிற நாளில் ஏகாம்பரம் துப்பாக்கியோடு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கியை விட்டுவிட்டுப் போக அவருக்கு அனுமதி இல்லையாம். ஆடி மாதம். தகரக் கூரை. மழை வருவதுபோல ஒரு புழுக்கம், ஆனால் வராது. தேசிங்கு காலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தாடையிலிருந்து வேர்வை சொட்டிச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

நான் இளநீர் வாங்கிவந்து, ஸ்ட்ராவை ஹெல்மெட்டுக்கு அடியில் நுழைத்தேன். உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"இது இன்னாம்மா? கழட்டிட்டு குடிக்கக்கூடாதா?"

"ஒழுக்கம் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"எங்க சுபேதாரு கூட இவ்ளோ இல்ல" என்று வியந்தார்.

வேலை லேசான வேலை இல்லை. உருளையில் சூடு ஏறினால் அது கோணிவிடும். கோணினால் துப்பாக்கிக்குள் போகாது. அதனால் உள்ளே ஒரு பித்தளைக் கம்பியைச் செருகி, வெளியே ஈரத்துணி சுற்றினான். பித்தளை சூட்டைக் குடித்துக்கொள்ளும். முளையையும் புதுப் பிடியையும் சரிவாகச் சீவி, முதலில் ஒரு பொட்டு அளவு மட்டும் பற்றவைத்தான். உருளையைத் துப்பாக்கிக்குள் செருகிப் பார்த்தால், பிடி கீழே இறங்காமல் மரக்கட்டையில் 'டொக்' என்று முட்டியது. சாய்மானம் தப்பு.

"லெஃப்ட் ரைட்டு தெரியாத ரெக்ரூட்டு மாதிரி நிக்குது" என்றார் ஏகாம்பரம்.

அந்தப் பொட்டை அறுத்துவிட்டு மறுபடி வைத்தான். இந்த முறை இறங்கியது. பிறகு கொஞ்சம் பற்றவைப்பது, ஆறவிடுவது, மறுபக்கம் கொஞ்சம் பற்றவைப்பது, ஆறவிடுவது.

ஆறுகிற நேரங்களில் ஏகாம்பரம் பேசினார். கேட்பவர் பதில் பேசமாட்டார் என்று தெரிந்தால் மனிதருக்கு எவ்வளவோ பேச வருகிறது. பனி மலையில் நின்ற கதை, சப்பாத்தி வேகாத கதை. அப்புறம் குரல் இறங்கியது.

"எங்க ஊட்லயும் பொண்ணு ஒண்ணு இருந்துச்சி தம்பி. ஞாயித்துக்கெழமன்னா எண்ணெயும் துணியும் எடுத்துக்கினு வந்து பக்கத்துல குந்திக்கும். நான் கழட்டித் தருவேன், அது தொடைக்கும். ஆம்பளப் புள்ள இருந்தாக்கூட அப்பிடி தொடைச்சிருக்காது."

"இப்ப எங்க சார் இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். சில சமயம் என் வாய் எனக்குச் சொந்தமில்லை.

"எங்கியோ கீது. படகுக்காரன் ஊட்ல." துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவினார். "வரட்டும் அவன் என் வாசப்படிக்கு. இத வெச்சித்தான் பேசுவேன்."

"இதுல சுட முடியாதே சார்?"

"சுட முடியாது. அடிக்கலாம் இல்ல?"

தேசிங்கு கையிலிருந்த ஃபில்லர் கம்பி தரையில் விழுந்து உருண்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் மறுபடி எரிந்தது. அந்த வெல்டிங்கை நான் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன செதில்களாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மீன் முதுகு போல இருந்தது. அதையும் ஒட்டு தெரியாமல் அரம் போட்டு வழித்துவிட்டான்.

"யாரு சொன்னா?"

மத்தியானம் தாண்டி வேலை முடிந்தது. எண்ணெய் தடவிய உருளையை ஏகாம்பரமே துப்பாக்கிக்குள் செருகினார். பிடியைப் பிடித்துத் தூக்கினார், இழுத்தார், தள்ளினார், இறக்கினார். சடக். சடக். பட்டறையில் எல்லாரும் தங்களை அறியாமல் நிமிர்ந்து நின்றார்கள்.

அவர் முகம் மலர்ந்தது. மறுபடி இறக்கினார். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

கட்டைவிரலை எடுத்தார். உருண்டையின் அடியைப் பார்த்தார். மறுபடி விரலை வைத்தார்.

"இங்க ஒரு பள்ளம் கீது."

நான் பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

"இத நான் மாவுல போடலியே. எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது. பழைய பிடிலயும் இருந்துச்சி." நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"அது சார்… டிசைன்… சில மாடல்ல அப்பிடித்தான்…" என்று நான் உளறத் தொடங்கினேன்.

தேசிங்கு ஹெல்மெட்டைத் தூக்கினான்.

முகம் வெந்த கிழங்கு போலச் சிவந்திருந்தது. முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவரை நேராகப் பார்த்தான்.

"யமுனா சொன்னா" என்றான்.

பக்கத்து உருக்காலையில் ஏதோ பெரிய இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. ஏகாம்பரம் கையில் துப்பாக்கி, விரல் அந்தப் பள்ளத்தில். அவர் தேசிங்கைத் தலை முதல் கால்வரை பார்த்தார், அணிவகுப்பில் சிப்பாயைப் பார்ப்பதுபோல. ஷூவில் தெறித்த நெருப்புப் பொத்தல்கள், கையில் பழைய தழும்புகள், நனைந்த காலர். நானோ மேஜைமேலிருந்த சுத்தியலை அவருக்கு எட்டாத இடத்துக்கு மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வைத்திருப்பவரிடமிருந்து சுத்தியலை ஒளித்து என்ன பயன் என்று அப்போது தோன்றவில்லை.

வாய் சும்மா இருக்காமல், "சாட்சிக் கையெழுத்து போட்டது நான்தான் சார்" என்றேன்.

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டனாம்மா?"

போர்வையை எடுத்தார். துப்பாக்கியைச் சுற்றினார். தோளில் சாய்த்துக்கொண்டார். தரையில் நான் வரைந்திருந்த கேட்டின் நடுவில் மிதித்துக்கொண்டு வெளியே போனார். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

தேசிங்கு ஸ்டூலில் உட்கார்ந்தான். "தப்பு பண்ணிட்டனாக்கா? பொய் சொல்லியிருக்கலாம். ஆனா அந்த மாவ அவ தொட்டுக்கினே இருந்தாக்கா. ஃப்ரிட்ஜுல வெக்கச்சொல்லியும் வெக்கல, மடிலயே வெச்சிருந்தா."

நான் அவனுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்கு முதல் தடவையாக ஸ்ட்ரா இல்லாமல் குடித்தான்.

டைட்டு

சுதந்திர தினம் வந்து போயிற்று. கன்னியம்மா திருட்டுத்தனமாக யமுனாவுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கொடிக் கம்பத்தின் கீழே ஏகாம்பரம், துப்பாக்கியோடு விறைப்பாக. பின்னால் நேவிக்காரச் செயலாளர் கொஞ்சம் சோர்வாக. யமுனா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாளாம். என்ன பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, "நைனா இளைச்சிட்டாரு" என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்கு அடுத்த வாரம் எனக்கு போன் வந்தது.

"ஹவில்தார் ஏகாம்பரம் பேசறேன். உங்க வேலை சரியில்ல. போல்ட்டு டைட்டா கீது."

"எடுத்துக்கினு வாங்க சார், பாத்துடலாம்."

"சும்மா சும்மா துப்பாக்கிய தூக்கிக்கினு ரோட்ல அலைய முடியாதும்மா. போலீசு பேஜாரு. ஆள ஊட்டுக்கு அனுப்பு."

"எந்த ஆள சார்?"

போனில் எங்கோ பின்னால் கன்னியம்மா ஏதோ முணுமுணுப்பது மட்டும் கேட்டது.

"செஞ்ச ஆளத்தான். வேற யாருக்கு தெரியும்?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒத்தையா எப்பிடி பாப்பாரு? ஒத்தாசைக்கு ஊட்ல யாராச்சும் இருந்தா கூட்டிக்கினு வரட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தேசிங்கு கிரைண்டரோடு நின்றிருந்தான். சொன்னேன். அவன் நம்பவில்லை. "நெஜமாவே டைட்டா இருக்குமாக்கா? ஒருவேளை கோணிக்கிச்சோ?" என்று அடுத்த மூன்று நாளும் அதே கவலை. வெல்டருக்கு மாமனார் கோபத்தைவிட வேலையில் குறை என்பதுதான் பெரிய பயம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தேசிங்கும் யமுனாவும் பைக்கில், நான் என் ஸ்கூட்டரில். கூப்பிடாத நான் எதற்கு என்று கேட்காதீர்கள். சாட்சி இல்லாமல் எதுவும் செல்லாது.

வீட்டைச் சுற்றி நடவு முடிந்த கழனி, இளம்பச்சையாக. வாசலில் ஏகாம்பரம் நின்றிருந்தார். கையில் துப்பாக்கி இல்லை. அது உள்ளே கூடத்துச் சுவரில் தெரிந்தது. யமுனா பைக்கிலிருந்து இறங்கி அப்பா எதிரில் போய் நின்றாள்.

"இளைச்சிட்ட" என்றார் அவர்.

"நீதான் இளைச்சிட்ட நைனா."

"நானா? நான் ஃபிட்டா கீறேன்."

அவள் அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். உள்ளே கன்னியம்மாவின் குரல் ஒரு தடவை உயர்ந்து, அப்புறம் அழுகையும் சிரிப்புமாக ஏதோ கேட்டது.

தேசிங்கு மட்டும் வாசற்படிக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டான். கையில் கருவிப் பெட்டி. சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். காலைத் தூக்கவில்லை. ஏகாம்பரம் படியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார்.

"வேலை உள்ள கீது. வெளிய நின்னா எப்பிடி பாப்பே?"

அவன் படியைத் தாண்டினான். நானும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன்.

துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தார். தேசிங்கு பிடியைத் தூக்கினான், இழுத்தான், தள்ளினான், இறக்கினான். சடக். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. இன்னொரு முறை செய்தான். இன்னொரு முறை. உருளையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோணல் பார்த்தான்.

"எங்க சார் டைட்டா கீது? நல்லாதான் ஓடுது."

"காலைல இருந்துச்சி" என்றார் ஏகாம்பரம், ஜன்னல் வழியாகக் கழனியைப் பார்த்தபடி.

"இப்ப இல்லியே சார்."

"அதான் சொல்றேன். காலைல இருந்துச்சி."

தேசிங்குக்கு இன்னும் புரியவில்லை. பெட்டியைத் திறந்து எண்ணெய்க் குப்பி எடுத்தான், அரம் எடுத்தான், ஸ்பானர்களைத் தரையில் வரிசையாக வைத்தான். குறையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவுசெய்துவிட்ட முகம். நான் அவன் முதுகில் கிள்ளினேன். திரும்பிப் பார்த்து, "இருங்கக்கா, ஒரு நிமிஷம்" என்றான்.

உள்ளேயிருந்து கன்னியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எல போட்டுட்டேன். வரச்சொல்லு" என்றாள் யாரையும் பார்க்காமல்.

தேசிங்கு அவசரமாக எல்லாவற்றையும் பெட்டியில் அள்ளிப் போட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"பொட்டிய அங்கியே வெய்யி" என்றார் ஏகாம்பரம். "சோத்துக்கு ஸ்பானர் வாணாம்."